நெல்டா கிரிம்ஸ்லியின் சாயங்கால வெளிச்சம்

கேமரா முக்காலியின் காலால் விமானத்தின் முன்சக்கரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, நெல்டா கிரிம்ஸ்லி காது கொடுத்துக் கேட்கிறார். டயர் நிழலில் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருந்தால் அதற்குள் குரல் கொடுத்துவிடும். இன்று சத்தமில்லை. "யாரும் இல்ல, ஆரம்பிக்கலாம்" என்று விமானத்திடமே சொல்லிவிட்டு மூக்கிலிருந்து தொடங்குகிறார். மூக்கு, வலது இறக்கை, வலது இன்ஜின், வால், இடது இன்ஜின், இடது இறக்கை, மறுபடி மூக்கு. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல எப்போதும் வலமாகத்தான். ஒரு விமானத்துக்கு நாற்பத்தாறு படங்கள். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். எண்ணிக்கை தவறினால் மறுபடி மூக்கிலிருந்து வர வேண்டும், முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது.

அரிசோனாவில் எங்கள் ஓல்ட்வெல்ஸ் ஊருக்கு வெளியே நூற்றெழுபது விமானங்கள் நிற்கின்றன. ஜன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டி, இன்ஜின் வாயைச் சிவப்பு உறையால் கட்டி, வாலில் இருந்த நிறுவனப் பெயரை வெள்ளை அடித்து மறைத்திருப்பார்கள். இங்கே காற்றில் ஈரம் கிடையாது, அதனால் துருவும் கிடையாது. சில விமானங்கள் திரும்பப் பறக்கும். பல துண்டு துண்டாகப் போகும். சொந்தக்காரர்கள் கடலுக்கு அப்பால் இருக்கும் குத்தகை நிறுவனங்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தப் புழுதியில் கால் வைத்ததில்லை. மாதம் ஒருமுறை நெல்டா அனுப்பும் நாற்பத்தாறு படங்கள்தான் அவர்களுக்கு விமானம்.

வயது அறுபத்தேழு. உயரமான, சற்று முன்னால் சாய்ந்த உடம்பு. ஈரத்துணியை உறைய வைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருவார். இரண்டாவது விமானம் முடிவதற்குள் அது சுட்ட அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவார், தரையில் துப்ப மாட்டார். தரையில் கிடக்கும் எதுவும் இன்ஜினுக்குள் போகக்கூடும் என்பது விமானக்காரர்களின் பயம். இரண்டு வருடமாக உயிரில்லாமல் நிற்கும் இன்ஜினுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கிறார்.

தன் பழைய காரின் ஜன்னல்களிலும் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்தால் ராமிரோ எஸ்கலான்டேவுக்குச் சும்மா இருக்க முடியாது. ராமிரோ இங்கே பத்தொன்பது வருடமாக மெக்கானிக்.

"காரையும் நிறுத்தி வச்சிட்டீங்களா மிஸ் நெல்டா? அடுத்த மாசம் வெட்ட வந்துடுவாங்க."

"வரட்டும்ப்பா. என்னையும் சேத்துப் பிரிச்சுக்கட்டும். முழங்கால வேற யாருக்காவது மாட்டிக்கலாம்."

"அத ஓசியில குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

"உன் மூளையக்கூடத்தான். ஆனா அது புதுசா இருக்கும், உபயோகிக்கவே இல்லையே."

இது அவர்களுடைய காலை வணக்கம். பல வருடமாக நடக்கிறது. வார்த்தை மட்டும் மாறும்.

அலுவலகம் என்பது ஓடுபாதை ஓரத்தில் நிற்கும், சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் அறை. அதற்குள் "கல்லறை" என்ற சொல்லுக்குத் தடை. வாய் தவறிச் சொன்னவர் மறுநாள் எல்லோருக்கும் டோனட் வாங்கி வர வேண்டும். மேலாளர் கர்ட் வொலன் போட்ட சட்டம். வாடிக்கையாளர் காதில் விழுந்தால் நல்லதில்லையாம். நெல்டா மட்டும் டோனட் தின்னத் தோன்றும் நாளில் வேண்டுமென்றே உரக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு பெட்டியோடு வந்து முதல் டோனட்டைத் தானே எடுத்துக்கொள்வார்.

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காக அடிபட்ட கார்களைப் படமெடுத்தவர். ஆலங்கட்டி மழையில் குழி விழுந்த கூரை, மரத்தில் மோதிய முன்பகுதி, மான் மோதி உடைந்த கண்ணாடி. எல்லாம் உச்சி வெயிலில்தான். நிழல் விழாது, அழகும் இருக்காது, நீதிமன்றத்தில் நிற்கும். "செத்த மீன் கண்ணு மாதிரி இருக்கும் ஒவ்வொரு படமும்" என்பார். அதில் ஒரு பெருமையும் உண்டு. அவர் எடுத்த படத்தைப் பொய் என்று அந்த இருபத்திரண்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

விமானங்களையும் முதல் ஆறு வருடம் அப்படித்தான் எடுத்தார். இந்த வருடம் பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் கார் பேட்டரி போய்விட்டது. களத்துக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. தெற்கு வரிசையின் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெண்கலமாயின. வெள்ளையடித்து மறைத்த பெயர்கள் சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லிய மேடாக எழுந்து நின்றன. "படம் எடுக்க வந்தத மறந்துட்டு நின்னுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல" என்றார், இதை எழுத அவரோடு சுற்றிய என்னிடம். அன்றைய படங்களை வீட்டில் பார்த்தபோது அந்தப் பொன் நிறம் அவற்றில் இல்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா தானாகவே சரிசெய்து கழுவிவிட்டிருந்தது. மறுமாதம் அந்த வசதியை அணைத்தார். மேகமூட்டத்துக்கு என்று கேமராவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் வைத்தால் பொன் பொன்னாகவே விழும், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விழும். மார்ச்சிலிருந்து எல்லா விமானங்களையும் மாலையில்தான் எடுத்தார். கேட்டவர்களிடம், வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவைத்தார்.

"இன்னைக்கும் கல்யாண போட்டோவா?" என்று ராமிரோ வண்டியை மெதுவாக்கிக் கேட்பார்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"பொண்ணுக்கு முப்பது வயசு மிஸ் நெல்டா. மாப்பிள்ள எல்லாம் ஓடிப்போயிட்டான்."

ஜூன் இரண்டாம் வாரம், திங்கட்கிழமை, கர்ட் இருவரையும் டிரெய்லருக்குக் கூப்பிட்டார். மேஜையில் நான்கு படங்கள் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தன. நாற்பத்தொன்றாம் எண் இடத்தில் நிற்கும் விமானத்தின் வலது இன்ஜின். மார்ச், ஏப்ரல், மே, ஜூன்.

இன்ஜின் வாயை மூடும் உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே ஈரம் உறிஞ்சும் பைகளும் ஓர் அட்டையும். அட்டை நீலமாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது என்று பொருள். இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் புகுந்துவிட்டது. மெக்கானிக் மாதாமாதம் அதைப் பார்த்து, உறையின் ஈயமுத்திரையோடு கட்டித் தொங்கும் வெள்ளைச் சீட்டில் தேதி போட்டு, "நீலம்" என்று எழுதி, கையெழுத்திட வேண்டும். நாற்பத்தொன்றின் சீட்டில் நான்கு மாதமும் ராமிரோவின் கையெழுத்து இருந்தது. அலுவலகத்துக்கு அதன் நகல் போயிருந்தது. அதே நான்கு மாதமும் நெல்டாவின் படமும் போயிருந்தது.

"இது என்ன கலர் நெல்டா?" என்று கர்ட் கேட்டார்.

நெல்டா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ரோஸ்."

"ராமிரோ?"

"நான் பாத்தப்ப நீலம்."

"நாலு மாசமுமா?"

"நாலு மாசமும்."

கர்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த விமானத்தைக் குத்தகைக்கு எடுக்க ஒரு புது நிறுவனம் ஆள் அனுப்பத் தயாராக இருந்தது. இப்போது வேண்டாம் என்கிறார்கள். அதைவிடப் பெரிய சங்கதி, சொந்தக்காரர்கள் எழுதிய கடிதத்தின் கடைசி வரி: உங்கள் ஆள் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார். இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் கர்ட் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் புகார் மேலே போகும், ராமிரோவின் லைசென்ஸ் பறிபோகும். இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறி, முப்பத்து மூன்றாம் வயதில் வாங்கிய லைசென்ஸ் அது. வெள்ளிக்கிழமை வரை எந்த விமானத்தையும் ராமிரோ தொடக்கூடாது என்றார் கர்ட்.

ராமிரோ கர்ட்டைப் பார்க்கவில்லை. "மிஸ் நெல்டா, நீங்க அந்த ஜன்னலுக்கு முன்னாடி நின்னீங்கல்ல? உங்க கண்ணுக்கு என்ன கலர் தெரிஞ்சுது?"

"நான் கண்ணால பாக்கறதில்லப்பா. எண்ணிக்கிட்டே போவேன். பதினாறு, பதினேழு, பதினெட்டுன்னு. இன்ஜின் அட்டை பதினெட்டு."

"அப்ப கேமராதான் பாத்துச்சு."

"என் படம் பொய் சொல்லாது ராமிரோ."

"சரி. அப்ப நான் சொல்றேன்." தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நெல்டா பிறகு சொன்னார்.

மறுநாள் காலை, காபியும் வறுத்த ரொட்டியுமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நெல்டா அந்த நான்கு படங்களையும் கணினியில் திறந்தார். ராமிரோவின் குற்றத்தை உறுதி செய்துகொள்ளத்தான் திறந்தார். அதை அவரே மறைக்காமல் சொல்கிறார். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பார்வை அலுத்துப்போய் அட்டைக்கு மேலே பார்த்தார். விமானத்தின் வயிறு. நாற்பத்தொன்றின் வயிறு சுத்த வெள்ளை, அவருக்குத் தெரியும். படத்தில் அது பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது.

ரொட்டி ஆறிப்போனது. வெள்ளை பப்பாளியானால் நீலம் என்ன ஆகும் என்று கணக்குப் போட அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கேமராவில் அந்தப் பொன்னுக்காகத் தானே திருப்பி வைத்த அமைப்பு. பொன்னைக் கூட்டினால் நீலம் செத்துப்போகும். தொழில் தெரிந்தவருக்கு முதல் பாடம் அது. நான்கு மாதமாக விமானம் விமானமாக எல்லா நீலத்தையும் அவர் கொன்றுகொண்டே வந்திருக்கிறார். அட்டையைக் கவனித்துப் பார்ப்பவர்கள் நாற்பத்தொன்றுக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள்.

பத்து மணிக்கு டிரெய்லரில் இருந்தார். கர்ட் கேட்டுவிட்டு முதலில் பெருமூச்சு விட்டார், பிறகு கதவைச் சாத்தினார்.

"கேமரா கோளாறுன்னு எழுதிடலாம் நெல்டா. யார் பாக்கப் போறா? புதுசா எடுத்து அனுப்புங்க. ராமிரோவும் தப்பிச்சுருவான், நீங்களும் தப்பிச்சுருவீங்க."

"கேமராவுக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்குத் தெரியும் உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?"

"கோளாறுன்னா எந்தத் தேதியிலேருந்துன்னு கேப்பாங்க. எந்தெந்தப் படத்துலன்னு கேப்பாங்க. இழுத்துக்கிட்டே போகும். அதுவரைக்கும் அவன் வண்டியில உக்காந்து ஈ ஓட்டணுமா? போனப் போடு கர்ட். எனக்கு நிக்க முடியல."

ஸ்பீக்கரில் போட்ட போனை, சொந்தக்காரர்களின் அயர்லாந்து அலுவலகத்தில் எடுத்தவர் ஷினேட் என்ற பெண். ஆறு வருடமாக நெல்டாவின் படங்களைப் பெற்றுக்கொள்பவர். இருவரும் பேசியது அதுதான் முதல்முறை. அமைப்பு, வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் நெல்டா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது.

"புரியுது மேடம். ஆனா ஏன் சாயங்காலம் எடுத்தீங்க? வெயிலாலயா?"

கர்ட் தலையை வேகமாக ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

"இல்லம்மா. அழகா இருந்துச்சு. அதனால எடுத்தேன்."

எழுதும் சத்தம் நின்றது. "எங்களுக்கு அழகு தேவைப்படல மேடம்."

"தெரியும். எனக்குத் தேவைப்பட்டுச்சு."

"நான் இத அப்படியே எழுத வேண்டியிருக்கும். எங்க பத்தொன்பது விமானம், நாலு மாசம், ஒரு படமும் செல்லாதுன்னு. உங்க ஒப்பந்தத்த அதுக்கப்புறம் புதுப்பிப்பாங்களான்னு எனக்குத் தெரியல."

"எழுதும்மா."

"அந்த மெக்கானிக் விஷயத்துக்கு இது மட்டும் போதாது. அட்டை இப்ப நீலமா இருந்தாலும், லெட்டர் வந்தப்புறம் அவர் தொறந்து பைய மாத்தி வச்சிருக்கலாம்னு சொல்லுவாங்க. முத்திரை அறுபடல, உறை தொறக்கலன்னு தெரியணும். அட்டை, முத்திரை, சீட்டு மூணும் ஒரே படத்துல. மத்தியான வெயில்ல. நீங்களே எடுக்கணும், வேற யாரும் கிட்ட வரக்கூடாது. வியாழக்கிழமைக்குள்ள." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏப்ரல்ல தெற்கு வரிசையோட ஒரு படம் வந்துச்சு. மொத்த வாலும் தெரியற மாதிரி. அத நான் மேஜையில ஒட்டி வச்சிருக்கேன். இத எழுதப் போறதில்ல, சும்மா சொன்னேன்."

நெல்டா போனை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

வியாழன் மதியம் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. களத்தில் மனிதர் நடமாட்டமே இல்லை. நாற்பது அடி தள்ளித் தன் வண்டியின் நிழலில் ராமிரோ நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் நெருங்க அவருக்கு அனுமதியில்லை. கர்ட்டும் நானும் இன்னும் பின்னால். மூன்று நாளில் நெல்டாவும் ராமிரோவும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நெல்டா டயரைத் தட்டினார், கேட்டார், முக்காலியை வலது இன்ஜினுக்கு முன்னால் விரித்தார். கேமராவைப் பொருத்துவதற்கு முன் உறையின் ஜன்னலில் இரண்டு கைகளையும் குவித்து வைத்து, முகத்தைக் கொடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"என்ன கலர்?" ராமிரோதான் முதலில் பேசினார்.

"நீலம்ப்பா."

"எவ்வளவு நீலம்?"

"உன் மூஞ்சியில அடிச்சாப்புல நீலம்."

ராமிரோ வண்டியின் கதவில் சாய்ந்துகொண்டார். போனில் பேசியதைக் கர்ட் அவரிடம் சொல்லியிருந்தார். "கூட எழுதிக்குங்க, எஸ்கலான்டே அழகா இருந்தான்னு."

"அவ்வளவு பெரிய பொய்ய அவங்க நம்ப மாட்டாங்க."

ஆனால் சீட்டு நிற்கவில்லை. பாலைவனக் காற்று தாழ்வாக அடித்துக்கொண்டிருந்தது. முத்திரைக் கம்பியில் தொங்கிய வெள்ளைச் சீட்டு சுழன்றது, முதுகைக் காட்டியது, மறுபடி சுழன்றது. முதல் படத்தில் அட்டை தெளிவாக விழுந்தது, சீட்டு வெறும் வெள்ளைத் தீற்றல். இரண்டாவதில் எழுத்து தலைகீழ். கர்ட் ஒட்டும் நாடாவைத் தூக்கிக் காட்டினார். நெல்டா வேண்டாமென்று கையசைத்தார். நாடா ஒட்டினால், புதிதாக ஒட்டி வைத்தது என்பார்கள்.

கேமராவைப் பத்து விநாடித் தாமதத்துக்கு வைத்தார். பொத்தானை அழுத்திவிட்டு இன்ஜினிடம் நடந்து, கையுறையோடு சீட்டைப் பிடித்தார். தடித்த விரல்கள் பாதி எழுத்தை மறைத்துவிட்டன. திரும்பி வந்து திரையில் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்தினார்.

இன்ஜினின் முன்விளிம்பு பளபளக்கும் உலோக வளையம். காலை ஆறு மணியிலிருந்து வெயில் குடித்துக்கொண்டிருந்தது. நெல்டா சீட்டை அதன்மேல் விரித்து, இரண்டு ஓரங்களையும் வெறும் விரல் நுனிகளால் அழுத்திப் பிடித்தார். கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. நான்காவது மினுக்கில் தோள் துடித்தது. "விட்டுருங்க மிஸ் நெல்டா, இன்னொரு தடவ எடுக்கலாம்!" என்று ராமிரோ கத்தினார். நெல்டா திரும்பிப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலின் நிழல் கடைசிக் கையெழுத்தின்மேல் விழுவதைக் கவனித்து, அதை மட்டும் அரை அங்குலம் நகர்த்தி, அந்த இடத்தில் மறுபடி அழுத்திக்கொண்டார்.